வாசகர் கேள்வி–பதில்: நமீபியாவுக்குக் கைப்பிடி வந்த கதை

கேள்வி: வரைபடத்தில் நமீபியாவின் வடகிழக்கு மூலையில் வாணலிக் கைப்பிடி மாதிரி ஒரு துண்டு நீண்டிருக்கிறதே, ஏன்?

பதில்: அதன் பெயர் காப்ரிவி துண்டு. நீளம் சுமார் 450 கி.மீ. 1890 ஜூலை 1 அன்று பிரிட்டனும் ஜெர்மனியும் செய்த உடன்படிக்கையில் உருவானது. ஜெர்மனி கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபார் மீதான கோரிக்கையைக் கைவிட்டது. வடகடலின் ஹெலிகோலாந்து தீவையும், தன் தென்மேற்கு ஆப்பிரிக்கக் காலனியிலிருந்து (இன்றைய நமீபியா) சாம்பெசி ஆற்றுக்கு வழியையும் பெற்றது. துண்டுக்கு வைத்தது அன்றைய ஜெர்மன் சான்சலர் காப்ரிவியின் பெயர்.

ஆற்றோடு போனால் இந்தியப் பெருங்கடலை எட்டலாம் என்பது எண்ணம். ஆனால் துண்டு முடியும் இடத்திலிருந்து சுமார் 70 கி.மீ. கீழே ஆறு விக்டோரியா அருவியாக 100 மீட்டருக்கு மேல் விழுகிறது. ஆய்வுப்பயணி லிவிங்ஸ்டன் அதை 1855-லேயே பார்த்து, பின்னர் எழுதியும்விட்டார்!

உடன்படிக்கையின் வாசகத்திலும் முரண். தெற்கு எல்லை 18-ஆவது தென் அட்சரேகை என்றது ஒரு வரி, துண்டின் அகலம் எங்கும் 20 ஆங்கில மைலுக்கு (32 கி.மீ.) குறையக் கூடாது என்றது இன்னொன்று. வடக்கு எல்லையோ 1886-இலேயே போர்ச்சுகலுடன் பேசி முடிந்தது. மேற்குப் பகுதியில் அந்த எல்லைக்கும் 18-ஆவது ரேகைக்கும் நடுவே 20 மைல் கிடையாது. அதனால்தான் இன்று அங்கே தெற்கு எல்லை 18-ஆவது ரேகைக்குத் தெற்கே தள்ளி ஓடுகிறது.

கேள்வி: கோடு போடுவதைவிட ஆற்றை எல்லையாக வைப்பது நல்லதல்லவா?

பதில்: ஆற்றில் எந்த இடம் என்று சொல்லாவிட்டால் அதுவும் வம்புதான். இதே உடன்படிக்கை தெற்கே ஆரஞ்சு ஆற்றுக்கு வடகரையை எல்லையாக்கியது. தண்ணீர் முழுவதும் தென்னாப்பிரிக்கா பக்கம் போனது. துண்டின் கிழக்குப் பகுதியில் தெற்கு எல்லையாக ஓடும் சோபே ஆற்றுக்கோ ‘முதன்மை ஓடையின் நடு’ என்றது ஆங்கில மூலம். ஜெர்மன் மூலம் ‘தால்வெக்’, அதாவது ஆழம் மிகுந்த தடம், என்றது. ஆறு இரண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றி ஓடும் இடத்தில் முதன்மை ஓடை எது? நமீபியாவுக்கு அந்தத் தீவு கசிகிலி, ஆற்றுக்குத் தெற்கே உள்ள போட்ஸ்வானாவுக்கு செதுது. பரப்பு சுமார் 3.5 சதுர கி.மீ.; ஆண்டில் சில மாதங்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும்.

சர்வதேச நீதிமன்றம் ஆழம், அகலம், நீரோட்டம் எல்லாம் பார்த்து வடக்கு ஓடையே முதன்மை என்றது. 1999 டிசம்பர் 13 அன்று 11-க்கு 4 என்ற வாக்கில் தீவு போட்ஸ்வானாவுக்குப் போனது. காப்ரிவியின் மாசுபியா மக்கள் அங்கே பயிர் செய்துவந்ததை நமீபியா எடுத்துக்காட்டியது. அது அரசு சார்பில் நடந்த ஆட்சிச் செயல் ஆகாது என்று சொல்லி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. உழுதவர்களின் கையெழுத்து 1890 உடன்படிக்கையில் கிடையாது. 1999 தீர்ப்பில் அவர்கள் உழுததும் கணக்கில் சேரவில்லை.