எந்தச் செலவை என்று கேளுங்கள்

கேள்வி: “வீண் செலவைக் குறைப்போம்” என்று எல்லாக் கட்சியும் தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறது. ஆட்சிக்கு வந்த பிறகு யாராவது குறைத்தது உண்டா? இனி யாராவது சொன்னால் நம்பலாமா?
– ஒரு வாசகர், காரிமங்கலம்

பதில்: குறைத்தது உண்டு. ஆனால் கஜானா காலியானபோதுதான் குறைத்தார்கள். மேடையில் கொடுத்த வாக்குக்காகக் குறைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

2001இல் வந்த ஜெயலலிதா அரசு முதலில் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. அப்புறம் நிஜமாகவே கை வைத்தது. அரசு ஊழியர்களின் சலுகைகள் வெட்டப்பட்டன, விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் நின்றது, வசதியானவர்களுக்கு ரேஷன் அரிசி கிடையாது என்று ‘எச்’ கார்டு வந்தது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் ஜெயலலிதாவின் கூட்டணி தோற்றது. முடிவு வந்த அதே மே மாதத்தில் வெட்டியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது ஒன்று உண்டு. 1.4.2003 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்ற முடிவு. அதை எதிர்த்துத் தெருவில் இறங்க வேண்டியவர்களில் பலர் அப்போது பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். குரல் கொடுக்க ஆளில்லாத இடத்தில்தான் கத்தி ஆழமாக இறங்கும்.

நம் தர்மபுரி மாவட்டத்துக்கு வாருங்கள். ஊழியர்களிடமும் விவசாயிகளிடமும் சிக்கனம் காட்டிய அதே அரசுதான் 2004 பிப்ரவரியில் தர்மபுரியைப் பிரித்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தை உண்டாக்கியது. புது ஆட்சியர் அலுவலகம், புது எஸ்.பி. அலுவலகம், துறைக்குத் துறை இன்னொரு மாவட்ட அதிகாரி. அதை வீண் செலவு என்று நானும் சொல்ல மாட்டேன். அஞ்செட்டியிலிருந்தும் தளியிலிருந்தும் ஒரு கையெழுத்துக்காகத் தர்மபுரி வரை பஸ் மாறி மாறி வந்து, “சார் மீட்டிங்கில் இருக்கிறார், நாளைக்கு வாங்க” என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் ஆனது. ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல் பழுப்பேறி, மூட்டு மடங்காமல் போனவர்களைப் பென்னாகரம் பக்கம் பார்த்தவர்கள் அதில் ஒரு ரூபாயைக் குறைக்கச் சொல்வார்களா? மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாம் 2023 ஜூலையில் நம் தொப்பூரில்தான் தொடங்கியது. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 12,000 கோடியைத் தாண்டும். அதை நிறுத்துவேன் என்று ஓட்டுக் கேட்கும் கட்சி ஒன்றைக் காட்டுங்கள்.

அடுத்த வீட்டுக்குப் போகும் பணம்தான் நமக்கு வீண் செலவாகத் தெரிகிறது. கட்சிகளுக்கு இது அத்துப்படி. அதனால்தான் எந்தச் செலவு என்று பெயர் சொல்லாமல் “வீண் செலவு” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 2021இல் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றது. முந்தைய ஆட்சியைக் குறை சொல்ல அது நன்றாக உதவியது. கடன் அதற்குப் பிறகும் ஏறத்தான் செய்தது.

சத்தமில்லாமல் நடக்கும் குறைப்பும் இருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இதில்தான். 2020இல் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆனது, அடுத்த ஆண்டே 60. ஓய்வுபெறுவோருக்குத் தர வேண்டிய பணம் தள்ளிப்போனதே தவிரக் குறையவில்லை. தேர்வாணையப் புத்தகத்தோடு காத்திருந்த பிள்ளைகளின் வயதுதான் ஏறியது. காலியிடத்தை நிரப்பாமல் ‘கூடுதல் பொறுப்பு’ என்று விட்டுவிடுகிறார்கள். சாதிச் சான்றுக்காக வேலையை விட்டு வருகிறவர், வி.ஏ.ஓ. இன்று பக்கத்து ஊரில் இருக்கிறார் என்று கேட்டுத் திரும்புகிறார். அந்த ஒருநாள் கூலி எந்த பட்ஜெட் கணக்கிலும் வராது. ஆனால் விவசாயிகள் டெல்லியில் போராடிக்கொண்டிருந்த 2017இல் எம்.எல்.ஏ.க்களின் மாத ஊதியம் 55,000லிருந்து 1,05,000 ஆனது.

நம்பலாமா என்கிறீர்கள். அமைச்சர்கள் எண்ணிக்கைக்கு ஒரு கட்டு வந்தது எந்த வாக்குறுதியாலும் அல்ல. 2003இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, சட்டமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதினார்கள். அதனால் தமிழகத்தில் 35 பேர்தான், யார் ஆண்டாலும். அதுபோல எழுத்தில் வர வேண்டும். எந்தத் துறையில், எந்தச் செலவை, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று தேர்தல் அறிக்கையில் போடட்டும். தங்கள் சம்பளத்தையும் படியையும் முதல் வரியில் வைக்கட்டும். அப்படி எழுதித் தருகிற வேட்பாளர் காரிமங்கலத்துக்கு வந்தால் எனக்கு எழுதுங்கள். அவர் எந்தக் கட்சியானாலும் அந்த வரிகளை இதே பக்கத்தில் அப்படியே வெளியிடுகிறேன்.