உதகைக் குளிரில் தளரும் சோயா ஜெல்

கேள்வி: உதகையில் மருந்தியல் முதுநிலை படிக்கிறேன். கொழுப்புத் திசு போன்ற மென்திசுக்களை வளர்ப்பதற்கான தாங்கியாகச் சோயா புரத ஹைட்ரோஜெல்லை (நீரைப் பிடித்துவைத்திருக்கும் மென்மையான கூழ்) செய்து பார்க்கிறேன். ஆய்வுக் கட்டுரையில் சொன்னபடி வாட்டர் பாத்தில் 95 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தும் ஜெல் தளர்வாகவே வருகிறது. 37 டிகிரி இன்குபேட்டரில் ஓர் இரவு இருந்தால் குழைந்துவிடுகிறது. புரதத்தின் அளவைக் கூட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். முதலில் ஒரு தெர்மாமீட்டரைக் கரைசல் உள்ள குழாய்க்குள்ளேயே விட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், கருவியில் 95 என்று வைத்திருந்தாலும் உங்கள் கரைசல் அந்தச் சூட்டை எட்டியிருக்க வழியில்லை. குக்கர் இல்லாமல் பருப்பு வேகவைத்துப் பார்த்த உதகைக்காரர் எவருக்கும் இது தெரிந்த சங்கதிதான்.

அந்த இரண்டு மூன்று டிகிரிக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் கிளைசினின். சோயாவின் இரு முதன்மைப் புரதங்களில் பீட்டா-கான்கிளைசினின் 75 டிகிரியை ஒட்டியே மடிப்பவிழ்ந்துவிடும், அதாவது சுருண்டிருக்கும் புரதச் சங்கிலி பிரிந்துவிடும். ஜெல்லுக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகளைப் பெரிதும் உருவாக்கும் கிளைசினினோ 90 டிகிரியை ஒட்டித்தான் அவிழும். உப்பு சேரச் சேர இந்த வெப்பநிலை இன்னும் மேலே போகும் என்பதால், புரதத்தைப் பாஸ்பேட் உப்புக் கரைசலில் கரைத்திருந்தால் சிக்கலை நீங்களே கூட்டியிருக்கிறீர்கள். உப்பில்லாத நீரில் கரைத்து, பி.எச். அளவை 7-க்குச் சற்று மேலே வைத்து, மூடி இறுகிய குழாய்களை உலர் ஹீட்டிங் பிளாக்கில் 95 டிகிரிக்குக் கொண்டுபோங்கள். உடற்பயிற்சிக் கடையில் விற்கும் சோயாப் பொடியை மட்டும் நாடாதீர்கள். தயாரிப்பின்போதே சூடுபட்ட புரதம் அதில் இருக்கக்கூடும், சுவையூட்டிகளும் கலந்திருக்கும்.

இன்குபேட்டரில் குழைவது வேறு சங்கதி. சோயா ஜெல்லின் இறுக்கத்தில் ஒரு பகுதி, குளிரும்போது உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் வருவது. சூடேறினால் அவை தளரும். உதகையின் 15 டிகிரி அறையில் குழாயைக் கவிழ்த்தும் விழாமல் நிற்கிற ஜெல், 37 டிகிரியில் சரிவது இதனால்தான். நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதி, புரதத்தில் உள்ள குளூட்டமின், லைசின் என்ற அமினோ அமிலங்களை நிலையான பிணைப்பால் கோக்கும் என்பதால் எனக்குப் பிடித்த வழி அதுதான். குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளும் வேகமாகக் கோக்கும், ஆனால் மிச்சம் தங்கினால் செல்களைக் கொல்லும். சூடாக்கி மடிப்பவிழ்த்த கரைசலை 45 டிகிரிக்கு ஆறவிட்டு, நொதியைக் கலந்தவுடன் அச்சில் ஊற்றிவிடுங்கள். உணவுத்துறைக்கு விற்கும் நொதிப் பொடியில் பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொருள்; பாக்டீரியாவுக்கு விருந்தாகாமல் இருக்க ஜெல்லைப் பலமுறை கழுவ வேண்டும்.

உறுதியை ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். கொழுப்புத் திசுவின் விறைப்பு இரண்டு மூன்று கிலோபாஸ்கல் அளவிலும், தசையுடையது பத்தைச் சுற்றியும் இருப்பதால், கையில் ரப்பர் போல் எகிறும் ஜெல் உங்கள் நோக்கத்துக்குப் பொருந்தாது. உடல் திசுக்களைத் தாங்கும் புரதமான கொலாஜனில் செல்கள் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் சோயாவில் இல்லை. எனவே செல்கள் உருண்டையாகவே மிதந்தால் நச்சு என்று முடிவு கட்டிவிடாமல், செல் வளர்ப்புத் தட்டில் ஜெலட்டின் பூசிய குழியொன்றை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதன் முள் வெளிக்காற்றுக்கு மேலான அழுத்தத்தையே காட்டுவதால், உதகையில் 15 பவுண்டு என்பது 121 டிகிரி ஆகாது. நாலைந்து டிகிரி குறையும்.