சாஃப்ட்பால்: ‘ஓடு’ என்று கத்தும் முன்

(பெற்றோரும் புதிய பயிற்சியாளர்களும் அனுப்பிய கேள்விகள். பதில்கள் எல்லாம் வேகப்பந்து சாஃப்ட்பாலுக்கானவை. பிட்சர் பந்து போடுபவர்; பேட்டர் அதை அடிப்பவர்; கேட்சர் பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்; பேஸ் என்பது ஓடிப்போய்த் தொட வேண்டிய திண்டு; ரன்னர் பேஸில் இருக்கும் ஓட்டக்காரர்; ஹோம் பிளேட் பேட்டர் நிற்கும் இடம். பேட்டர் வீசித் தவறவிட்ட பந்து ஸ்ட்ரைக்.)

கேள்வி: மகள் மூன்றாவது ஸ்ட்ரைக்கையும் தவறவிட்டாள். அவுட் என்று நினைத்து ‘வந்துடு’ என்றேன். பயிற்சியாளரோ ‘ஓடு, ஓடு’ என்று கத்தினார். யார் சொன்னது சரி?

பெரும்பாலும் பயிற்சியாளர் சொன்னதுதான் சரியாக இருந்திருக்கும். மூன்றாவது ஸ்ட்ரைக் பந்து தரையில் படாமல் கேட்சரின் கிளவுஸுக்குள் அடங்கினால்தான் பேட்டர் உடனே அவுட். பந்து தரையில் பட்டுவிட்டாலோ, கேட்சர் கையிலிருந்து நழுவிவிட்டாலோ, பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். ஆனால் எப்போதும் அல்ல. முதல் பேஸ் காலியாக இருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருக்க வேண்டும். இரண்டு அவுட் ஆகிவிட்டால் முதல் பேஸில் ஆள் இருந்தாலும் ஓடலாம்.

இந்த நிபந்தனை எதற்கு என்று புரிந்துவிட்டால் விதி மறக்காது. முதல் பேஸில் ரன்னர் இருந்து, இரண்டு அவுட்டும் ஆகாத நேரத்தில் பேட்டரை ஓடவிட்டால் அந்த ரன்னரும் இரண்டாவது பேஸுக்கு ஓடியே தீர வேண்டும். கேட்சர் வேண்டுமென்றே பந்தைக் கீழே போட்டு, அந்த ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கிவிடுவார். அந்தத் தந்திரத்தை அடைக்கத்தான் இந்த நிபந்தனை.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று. இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள் என்றால் கேட்சர் முதல் பேஸுக்கு எறியவே வேண்டாம். பந்தை எடுத்து ஹோம் பிளேட்டை மிதித்தாலே போதும், மூன்றாவது பேஸிலிருந்து கட்டாயம் ஓடிவர வேண்டிய ரன்னர் ஃபோர்ஸ் அவுட் (அவரைத் தொடாமலேயே அவுட்). சிறுமிகள் இதை மறந்து, பதறி எறிந்து, பந்து வெளி மைதானத்துக்குப் போய் இரண்டு ரன் கொடுத்துவிடுவார்கள். எறிந்தே ஆக வேண்டிய நேரத்தில், கேட்சர் ஓடுபவரின் பாதையை விட்டு ஓரடி பக்கவாட்டில் வந்து எறிய வேண்டும். நேர்கோட்டில் எறிந்தால் பந்து ஓடுபவரின் முதுகில்தான் படும்.

மிகச் சிறு வயதுப் பிரிவுகள் பலவற்றில் இந்த விதியே கிடையாது. ஆட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேஸ்பாலில் ரன்னர் பேஸை விட்டு நாலடி தள்ளி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மகனிடம் அப்படி நிற்கச் சொன்னேன், அவுட் கொடுத்துவிட்டார்கள்.

சாஃப்ட்பாலில் பந்து பிட்சரின் கையை விட்டுக் கிளம்பும்வரை ரன்னரின் கால் பேஸைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு முன் கால் எடுத்தால் அந்தப் பந்து செல்லாது, ரன்னர் அவுட். அரங்கிலிருந்து ‘தள்ளி நில்லு’ என்று கத்தும் ஒரு வார்த்தை குழந்தையை அவுட் ஆக்கிவிடும்.

இதைப் பழக்க எளிய வழி உண்டு. இடது கால் பேஸின் முன்விளிம்பில், வலது கால் அதற்குப் பின்னால். பிட்சரின் கை சுழலத் தொடங்கும்போது உடல் எடை பின்காலில். கை இடுப்பருகே வரும்போதுதான் பந்து விடுபடுகிறது; கண் அந்த இடுப்பைப் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல. விடுபடும் அந்தக் கணத்தில் பின்கால் தாண்டி முன்னே வர வேண்டும். பயிற்சியில் பிட்சர் முழுவேகத்தில் போட, பத்துப் பத்தாகக் கிளம்பிப் பழகட்டும். முந்திக் கிளம்புபவர்களில் பலர் கையைப் பார்ப்பதில்லை. பிட்சரின் முன்கால் தரையில் பட்டதும் ஓடிவிடுகிறார்கள்.

கேள்வி: பந்து பிட்சர் கையில். ரன்னர் இரண்டு பேஸுக்கு நடுவில் ஆடி ஆடி நின்றாள். யாரும் தொடவில்லை. ஆனாலும் அவுட். ஏன்?

பிட்சர் பந்து போடும் இடத்தைச் சுற்றி 8 அடி ஆரத்தில் ஒரு வட்டம் இருக்கிறதே, அதற்குள் பிட்சர் பந்தோடு வந்துவிட்டால் ரன்னர் தயங்கக் கூடாது. நின்றுகொண்டிருந்தால் உடனே முன்னாலோ பின்னாலோ போக வேண்டும். ஒரு திசையில் கிளம்பியபின் மனம் மாறித் திரும்பினால் அவுட். பிட்சர் எறிவதுபோல் பாவனை காட்டினாலோ, யாரையாவது அவுட் ஆக்க முயன்றாலோ இந்தக் கட்டுப்பாடு விலகிவிடும். மூன்றாவது பேஸ் அருகே நிற்கும் பயிற்சியாளர் ‘வா’ அல்லது ‘போ’ என்று ஒரே சொல்லைத் தெளிவாகச் சொல்லட்டும்.

கேள்வி: முதல் பேஸில் வெள்ளை, ஆரஞ்சு என இரண்டு திண்டு. எதை மிதிப்பது?

முதல் பேஸில் தன்னை அவுட் ஆக்க முயலும்போது பேட்டர் ஆரஞ்சை மிதிக்க வேண்டும், ஃபீல்டர் வெள்ளையை. இருவரும் மோதிக் கணுக்கால் முறியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒருமுறை பேஸை அடைந்துவிட்டால் பிறகு வெள்ளைதான்.

கேள்வி: பந்து உயரே பறக்கிறது, யாரும் பிடிக்கவில்லை, அதற்குள் அம்பயர் அவுட் என்கிறார். இது நியாயமா?

அது இன்ஃபீல்ட் ஃப்ளை. இரண்டு அவுட் ஆகியிருக்கக் கூடாது. முதல், இரண்டாம் பேஸ்களில் (அல்லது மூன்றிலும்) ஆள் இருக்க வேண்டும். உள்வட்ட ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்பவர்) சிரமமின்றிப் பிடிக்கக்கூடிய உயரப் பந்தாக, கோட்டுக்குள் விழுவதாக இருக்க வேண்டும். பன்ட் ஆடிய (பேட்டை வீசாமல் மெல்லத் தட்டிவிட்ட) பந்துக்கும், நேராகச் சீறும் பந்துக்கும் இது பொருந்தாது.

இதுவும் ரன்னர்களைக் காக்கும் விதிதான். பந்து பிடிபடும் என்று நினைத்து அவர்கள் பேஸிலேயே நிற்பார்கள். ஃபீல்டர் வேண்டுமென்றே விட்டுவிட்டால் இரண்டு பேர் ஃபோர்ஸ் அவுட். அதனால் பேட்டரை முதலிலேயே அவுட் ஆக்கிவிடுகிறார்கள். பின்னால் ஆள் இல்லாததால் ரன்னர்களுக்குக் கட்டாய ஓட்டம் இல்லை. குளறுபடி இங்கேதான் வருகிறது: பந்து தரையில் விழுந்ததைப் பார்த்ததும் அரங்கு மொத்தமும் ‘ஓடு’ என்கிறது. ஆட்டம் நின்றுவிடவில்லை என்பதால் ரன்னர் ஓடலாம், ஆனால் ஓடினால் தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள். நிற்பதே நல்லது.

கேள்வி: ‘கையும் பேட்டின் பகுதிதான்’ என்கிறார்களே?

இல்லை. பேட்டை வீசும்போது பந்து கையில் பட்டால் அது ஸ்ட்ரைக், பந்து அங்கேயே செத்துவிடும், அதாவது ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். ஓட முடியாது.

கேள்வி: விதிப்புத்தகம் தடிமனாக இருக்கிறது. எங்கே தொடங்க?

உங்கள் போட்டியின் தனி விதித்தாளிலிருந்து. பேஸ்களுக்கிடையே 60 அடி என்பது பரவலான அளவு. ஆனால் பந்து 11 அங்குலச் சுற்றளவா 12 அங்குலமா, பிட்சர் நிற்பது 35 அடியிலா 40 அடியிலா 43 அடியிலா என்பதெல்லாம் வயதுக்கேற்ப மாறும். பிறகு ஒரு முழு ஆட்டத்தை, ஒவ்வொரு பந்துக்கு முன்னும் மூன்றே கேள்வி கேட்டுக்கொண்டு பாருங்கள்: எத்தனை அவுட்? எந்த ரன்னர் கட்டாயம் ஓட வேண்டும்? பந்து உயிரோடு இருக்கிறதா? இம்மூன்றுக்கும் சட்டென்று பதில் வருமளவு பழகியபின் புத்தகம் எளிதாகிவிடும்.

கேள்வி: அம்பயர் தவறு செய்தால் பயிற்சியாளர் என்ன செய்யலாம்?

ஸ்ட்ரைக்கா இல்லையா, முந்தியது காலா பந்தா என்பவை அவர் கண்ணுக்கு விட்ட தீர்ப்புகள். அவற்றை எதிர்த்து முறையிட முடியாது. விதியையே தவறாகப் பயன்படுத்தியிருந்தால் முறையிடலாம். அடுத்த பந்து போடப்படுவதற்குள் நேரம் கேட்டு, பயிற்சியாளர் ஒருவர் மட்டும் நடந்து போய், ‘முதல் பேஸில் ஆள் இருந்தது, ஒரு அவுட்தான் ஆகியிருந்தது, பிறகு எப்படி பேட்டர் ஓடலாம்?’ என்பதுபோல் நிலவரத்தோடு கேளுங்கள். அடுத்த பந்து போய்விட்டால் கேட்கும் உரிமையும் போய்விடும்.