கொல்லை வழியாக வந்த அத்தை

கேள்வி: எனக்கு 60 வயது. அப்பாவின் அக்கா மௌனப்பட காலத்தில் சென்னையில் நாலைந்து படங்களில் கதாநாயகி. பேசும்படம் வந்ததும் வாய்ப்பு போய், வாழ்க்கையே சரிந்து, ஒரு வாடகை அறையில் தனியாக இறந்தார். நாங்கள் குடியிருக்கும் வீடு அவர் பணத்தில் வாங்கியது. நல்ல நாட்களில் கொல்லைப்புறமாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார். பரணில் கிடந்த அவர் பெட்டியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் மகன் கூடத்தில் மாட்டியிருக்கிறான். அடுத்த மாதம் மகளுக்குப் பூ வைக்க வருகிறார்கள். அதுவரை அந்தப் படத்தை எடுத்து வைத்துவிடலாமா?

பதில்: சகோதரி, நாலு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்பதுதான். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். 'கொல்லைப்புறமாக வந்து' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. அவர் காசில் வாங்கிய வீட்டில் அவருக்கு வாசல் கிடையாதா?

பேசும்படத்தின் மேல் பழியைப் போடாதீர்கள். 1931 அக்டோபரில் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்த பிறகு பாடவும் பேசவும் தெரிந்தவர்களுக்குத்தான் இடம் என்று ஆனது, உண்மைதான். டி.பி. ராஜலட்சுமி மௌனப்படத்தில் நடித்தவர், ஆனால் நாடக மேடையில் பாடிப் பழகியவர். அதனால் அந்தப் படத்துக்கே கதாநாயகியானார். 1936-ல் 'மிஸ் கமலா'வை அவரே இயக்கினார். பம்பாயில் சுலோச்சனா, அதாவது ரூபி மையர்ஸ், டெலிபோன் ஆபரேட்டராக இருந்து பெரிய நட்சத்திரமானவர். அவருக்கு இந்தி சரியாக வராது. கற்றுக்கொண்டு திரும்பி வந்தார். 1928-ல் மௌனப்பட 'அனார்கலி' அவர்தான், 1935-ல் பேசிய 'அனார்கலி'யும் அவர்தான். 1953-ல் அதே கதையை மறுபடி எடுத்தபோது அவருக்குக் கிடைத்தது சலீமின் அம்மா வேடம். அதையும் நடித்தார்.

மார்க்கெட் போவது அந்தத் தொழிலில் உள்ளதுதான். போனவர் வந்து தங்க ஒரு வீடு வேண்டும். உங்கள் அத்தை அந்த வீட்டையும் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார். உள்ளே விடாதது உங்கள் குடும்பம்.

அந்தக் காலம் அப்படி என்பீர்கள். முதல் மலையாள மௌனப்படத்தில் நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசியை, அவர் தலித் பெண் என்பதற்காகத் திருவனந்தபுரத்தில் கும்பல் கூடித் துரத்தியது. ஊரைவிட்டே ஓடினார் அவர். அவரை விரட்டியது ஊர். உங்கள் அத்தையைக் கொல்லைப்பக்கம் நிற்க வைத்தது, அவர் சம்பாத்தியத்தில் சாப்பிட்ட தம்பி.

சம்பாத்தியம் வேண்டும், சம்பாதித்தவள் வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்களிலிருந்து எனக்கு வராத கடிதமில்லை. ஒருவர் காசில் சாப்பிட்டால் அவரைக் கடைசிவரை வைத்துப் பார்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அப்போது நீங்கள் சின்னப் பெண், உங்கள் தப்பு ஒன்றுமில்லை. சரி, இப்போது படத்தைக் கழற்றப் போவது யார் கை?

படம் அங்கேயே இருக்கட்டும். பூ வைக்க வருகிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், "இவர் என் அத்தை, சினிமாவில் நடித்தவர், இந்த வீட்டை வாங்கியவர்" என்று நீங்களே சொல்லுங்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும். உங்கள் மகள் சம்பாதிக்கிறவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவளை அந்த வீட்டில் எந்த வழியாக விடுவார்கள் என்பது கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துவிடுமே.

பெட்டியில் மீதி என்ன இருக்கிறது என்று மகனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' தொடங்கி, சென்னையில் எடுத்த மௌனப்படங்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. ஒரு ஸ்டில், ஒரு நோட்டீஸ்கூடப் பொக்கிஷம். படச்சுருள் இருந்தால் ஜாக்கிரதை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பரண் சூட்டில் வைக்கவே கூடாது. உடனே புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

அப்புறம், பூ வைத்த பிறகு எனக்கு மறுபடி எழுதுங்கள். அதில் அத்தையின் பெயரையும் எழுதுங்கள். இந்த நாலு பக்கத்தில் தேடிவிட்டேன், அது எங்குமே இல்லை.