சொந்தக் கையால் கட்டிய சின்ன வீட்டை வாடகைக்கு விடலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் நானும் என் மச்சானும் சேர்ந்து 22 சதுர மீட்டரில் ஒரு சின்ன வீடு கட்டினோம். இரும்புச் சட்டம், பலகைச் சுவர், தகரக் கூரை. படுக்கை மேலே பரணில். ஏணியில் ஏற வேண்டும். வெண்டி ஹவுஸ் (தோட்டத்தில் வைக்கும் சின்னப் பலகைக் குடில்) மாதிரிதானே என்று முனிசிபாலிட்டிக்கு பிளான் கொடுக்கவில்லை. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அடுத்த மாதமே குடிவரக் கேட்கிறார். அவருக்கு ஏதாவது ஆனால் என் தலையில் விழுமா? 'எது நடந்தாலும் வீட்டுக்காரர் பொறுப்பல்ல' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?

பதில்: உங்கள் கவனக்குறைவால் நடந்தது என்றால் விழும். கையெழுத்தை நம்பி இறங்காதீர்கள்.

கவனக்குறைவை அளக்க நம் நீதிமன்றங்கள் இன்றும் 1966-ஆம் ஆண்டின் க்ரூகர்–கூட்சீ வழக்கைத்தான் எடுக்கின்றன. நிதானமுள்ள ஒருவர் இந்த ஆபத்தை முன்பே யோசித்திருப்பாரா, யோசித்துத் தடுப்பு ஏதாவது செய்திருப்பாரா, நீங்கள் அதைச் செய்யாமல் விட்டீர்களா? இவ்வளவுதான் கேள்வி. காண்டிராக்டரை வைத்துக் கட்டிய வீட்டுக்காரர், 'தெரிந்தவரிடம்தானே வேலையைக் கொடுத்தேன்' என்று ஓரளவாவது சொல்லிப் பார்க்கலாம். உங்களுக்கு அந்த வழி கிடையாது. கட்டியதும் நீங்கள், வாடகை வாங்குவதும் நீங்கள். எந்த ஆணி எங்கே போனது என்பதுகூட உங்களுக்குத்தான் தெரியும்.

அந்தப் பரணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் கீழே விழ இடமிருந்தால் ஒரு மீட்டர் உயரத் தடுப்பு வேண்டும், அதன் இடைவெளியில் 100 மில்லிமீட்டர் பந்து நுழையக் கூடாது என்பது கட்டட விதி. தடுப்பில்லாத பரணிலிருந்து யாராவது தூக்கக் கலக்கத்தில் விழுந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பெரிய வேலை இருக்காது.

கையெழுத்து விஷயம். மாணவர் போடும் கையெழுத்து அவரை மட்டும்தான் கட்டும். அவரைப் பார்க்க வரும் தங்கச்சி, கூட்டிவரும் குழந்தை யாரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. காயத்துக்கான வழக்குக்கு வழக்கமாக 3 வருடக் கெடு. குழந்தை என்றால் 18 வயதாகி இன்னும் ஒரு வருடம் வரை வழக்குப் போடும் உரிமை உயிரோடு இருக்கலாம். மாணவரே வழக்குப் போட்டாலும் பத்திரம் நிற்கும் என்று உறுதியில்லை. ஒரு ஹோட்டல் கேட் விருந்தினர் மேல் விழுந்த வழக்கில், 'நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரி அச்சிட்டே இருந்தது. அதைச் செயல்படுத்துவது அநியாயம் என்று ஜொகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2012-ல் சொல்லிவிட்டது. வீடு வாடகைக்கு விடுவதைத் தொழிலாகச் செய்பவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்; படுமோசமான கவனக்குறைவுக்கு எந்தப் பத்திரமும் அங்கே செல்லாது. ஒரு கம்பெனி பதிந்து அதன் பெயரில் வாடகைக்கு விடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கட்டிய கை உங்களுடையது, அதனால் வழக்கு உங்களையும் தேடி வரும்.

அப்புறம் 'வெண்டி ஹவுஸ்தானே' என்ற நினைப்பு. 1977-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தில் தற்காலிகமோ நிரந்தரமோ, எந்தப் பொருளால் ஆனதோ, மனிதர் தங்குவதற்கு எழுப்பியது எல்லாமே கட்டடம்தான். அடியில் சக்கரம் மாட்டினால் தப்பலாம் என்பவர்களையும் நான் நம்புவதில்லை. பிளான் அனுமதி இல்லாமல் கட்டுவது குற்றம். குடியேறும் சான்றிதழ் இல்லாமல் ஆள் வைப்பதும் குற்றம். இடிக்கச் சொல்வார்களா என்றால், சொல்வார்கள். கென்டன்-ஆன்-சீ என்ற கடலோர ஊரில் சரியான அனுமதியில்லாமல் கட்டிய பெரிய வீட்டை இடிக்கும் உத்தரவை மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2013-ல் உறுதி செய்தது.

பணத்தளவில் உங்களுக்கு அதைவிடப் பெரிய பயம் இன்சூரன்ஸ். உங்கள் வீட்டு பாலிசி எடுத்தபோது பின்னால் பலகை வீடு கிடையாது, வாடகைக்காரரும் கிடையாது. சொல்லாமல் விட்டுவிட்டுத் தீப்பிடித்த பிறகு கேட்டால், சின்ன வீட்டுக்கு மட்டுமல்ல, பெரிய வீட்டுக்கும் இழுபறி வரலாம். புரோக்கரிடம் எழுத்தில் சொல்லுங்கள்: என்ன பொருளால் கட்டியது, எத்தனை பேர் தங்குவார்கள், பிளான் எந்த நிலையில் இருக்கிறது. பொதுப் பொறுப்புக் காப்பீடு வாடகைக்காரருக்கும் அவர் விருந்தாளிகளுக்கும் பொருந்துமா என்று கேட்டு, பதிலை ஈமெயிலில் வாங்குங்கள். போனில் 'கவலைப்படாதீங்க அண்ணா' என்றால் அது பாலிசி ஆகாது.

முதலில் கூப்பிட வேண்டியவர் பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன். வயரிங்கின் பாதுகாப்புக்கு வாடகைக்கு விடுபவரையும் பொறுப்பாக்கும் விதி இருக்கிறது, சி.ஓ.சி. (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) இல்லாமல் ஆள் வைக்காதீர்கள். பெரிய வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தால் இன்றே கழற்றுங்கள். கேஸ் இருந்தால் அதற்குத் தனிச் சான்றிதழ். புகைபோக்கி இல்லாத கேஸ் கீசரை அவ்வளவு சின்ன இடத்துக்குள் வைக்கவே கூடாது; கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

இதற்கிடையே, பதிவுபெற்ற ஆர்க்கிடெக்ட் ஒருவரிடம் கட்டி முடித்ததற்கான பிளான் வரையக் கொடுங்கள். உங்கள் மனையின் சோனிங் (எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்ற நில விதி) இரண்டாவது வீட்டை அனுமதிக்கிறதா என்பதையும் அவரே பார்ப்பார். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு முனிசிபாலிட்டி 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் பொறுமை வேண்டும்.

அதனால் மாணவரிடம் அடுத்த மாதம் முடியாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் குடியேறிவிட்டால், பிறகு முனிசிபாலிட்டி ஆள் வைக்கக் கூடாது என்றாலும் பூட்டை மாற்றியோ கரண்டை நிறுத்தியோ அவரை அனுப்ப முடியாது. 1998-ஆம் ஆண்டு வெளியேற்றச் சட்டப்படி அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், வக்கீல் செலவும் உங்களுடையதுதான்.