ஆறாவதுக்குப் போகிற ஜூன்: டீச்சர் பதில்கள்

பள்ளி திறக்கிற சமயம். வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆறாம் வகுப்பைப் பற்றித்தான். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கி, பெயர்களை எடுத்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான். மகள் இனி இரண்டரை கிலோமீட்டர் தள்ளியுள்ள நடுநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். அவளைவிட எனக்குத்தான் பயமாக இருக்கிறது. என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
(வாசகி, துறையூர் பக்கம்)

வழியைப் பற்றிய பயம் இருக்கட்டும், முதலில் வயிற்றைப் பாருங்கள். உங்கள் மகள் இத்தனை நாளும் காலைச் சாப்பாட்டைப் பள்ளியில்தான் சாப்பிட்டிருப்பாள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வகுத்த திட்டம் அது. ஆறாவதில் கால் வைக்கிற பிள்ளைக்கு அந்தப் பொங்கலும் சாம்பாரும் நின்றுவிடும். இதை ஜூன் முதல் வாரத்தில்தான் பல வீடுகளில் உணர்வார்கள்.

நடுநிலைப் பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். காலையில் சின்னதுகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். ஏப்ரல் வரை அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளை, ஜூனில் தம்பியைச் சாப்பிட வைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நிற்கும். தட்டை நீட்டாது. ஆறாவது படிக்கிறோம் என்ற ரோஷம். சமைக்கிற அக்கா கூப்பிட்டால்கூட "சாப்டாச்சுக்கா" என்று சொல்லிவிடும். அதே பிள்ளைதான் இரண்டாவது பீரியடில் பெஞ்சில் தலையைச் சாய்க்கும். ஆசிரியர் "ராத்திரி பூரா டிவியா?" என்று கேட்பார்.

ஆகவே காலையில் வீட்டில் ஏதாவது இருக்க வேண்டும். விடியற்காலையிலேயே களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர் என்றால் பழைய சோறும் மோரும் வெங்காயமும் போதும், குறைச்சலே இல்லை. வெறும் டீயும் வறுக்கியும் ஆகாது. மதியத்துக்குச் சத்துணவும் முட்டையும் உண்டு, அதில் கவலை வேண்டாம்.

வழிக்கு வருகிறேன். ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டரை அதற்குள் வந்துவிடுகிறது, ஆனால் பதினொரு வயதுக் காலுக்கு அது தூரம்தான். அரசு சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கும். டவுன் பஸ் ஓடுகிற வழி என்றால் பஸ் பாஸ் உண்டு. புதுப் பாஸ் கைக்கு வரும்வரை சீருடையோ பழைய பாஸோ இருந்தால் ஏற்றிக்கொள்ளச் சொல்லி வருஷா வருஷம் அறிவிப்பு வரும். நடந்து போவதென்றால் அதே பள்ளியில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண்கள் உங்கள் தெருவில் யார் என்று இப்போதே விசாரித்து, அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முதல் வாரம் நீங்கள் கூடப் போவதைவிட அந்த அக்காக்கள் கூடப் போவதுதான் அவளுக்கு நிம்மதி.

தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த மகனை அரசுப் பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன். கட்டணப் பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள். ஒரு வருடம் வீணாகிவிடுமா?
(வாசகர், மணப்பாறை)

ஒரு நாள்கூட வீணாக வேண்டியதில்லை. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் (2009), மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றாலும் அப்படித்தான். கட்டணம் வசூலிக்க டி.சி.யை ஆயுதமாக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் சொல்லியிருக்கிறது. பையனைக் கூட்டிக்கொண்டு நேராகப் பள்ளிக்குப் போங்கள்.

நடைமுறையில் முட்டுக்கட்டை வேறு இடத்தில் வரும். எமிஸ் என்கிற மாணவர் விவரக் கணினிப் பதிவில் பழைய பள்ளி உங்கள் மகன் பெயரைக் 'காமன் பூல்' என்கிற பொதுப் பட்டியலுக்குத் தள்ளினால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். அவர்கள் இழுத்தடித்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள், அல்லது கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசுங்கள். பெயர் மாறுகிற வரைக்கும் பையன் வகுப்பில் உட்காரட்டும். பாக்கித் தொகை உங்களுக்கும் அந்த நிர்வாகத்துக்கும் உள்ள கணக்கு. அதைத் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் தெரிந்து செய்தீர்களோ தெரியாமல் செய்தீர்களோ, சரியான வகுப்பில்தான் மாற்றுகிறீர்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்கள் எல்லாமே ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கே படித்தான் என்றுதான் பார்க்கும். ஏழாவதில் மாற்றிவிட்டு, பிறகு கையைப் பிசைந்த பெற்றோர்களை எனக்குத் தெரியும்.

ஆறாம் வகுப்பிலேயே நீட் கோச்சிங் சேர்த்தால் நல்லது என்கிறார்களே?
(வாசகர், பெரம்பலூர்)

கோச்சிங் நடத்துகிறவருக்கு நல்லது. பையனுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள்.

டீச்சர், அஞ்சாவது வரைக்கும் எங்களுக்கு ஒரே டீச்சர். ஆறாவதுல ஒவ்வொரு பாடத்துக்கும் வேற வேற சார், டீச்சர்னு அண்ணன் சொல்றான். யார்கிட்ட எதைக் கேக்கறது? திட்டுவாங்களா?
(ஒரு மாணவி, லால்குடி)

கண்ணு, நீ பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறாய். அதிலேயே தெரிகிறது எத்தனை யோசித்திருக்கிறாய் என்று.

முதலில் ஒரு ரகசியம். உங்கள் பள்ளியில் ஐந்து பாடத்துக்கு ஐந்து பேர் இருக்க வாய்ப்பில்லை. ஆறு முதல் எட்டு வரைக்கு மொழிக்கு ஒருவர், கணக்கு அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர் என்று குறைந்தது மூன்று ஆசிரியர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பல ஒன்றியப் பள்ளிகளில் அந்தக் குறைந்தபட்சம்தான் இருக்கிறது. ஆக, கணக்கு எடுக்கிற அதே சார் அறிவியலுக்கும் வருவார். பயந்து பயந்து பார்க்க ஐந்து முகம் இல்லை, மூன்றுதான். காலையில் யார் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுகிறாரோ அவர்தான் உன் வகுப்பாசிரியர். தலைவலி, சண்டை, பை தொலைந்தது, எதுவானாலும் அவரிடம் போ.

அடுத்தது வீட்டுப்பாடம். ஐந்தாவது டீச்சருக்கு, கணக்கு கொடுத்த அன்று தமிழில் குறைத்துக் கொடுக்கத் தெரியும். இங்கே தமிழ் அம்மாவுக்குக் கணக்கு சார் என்ன கொடுத்தார் என்று தெரியாது. அதனால் ஒரு ரஃப் நோட்டின் பின்பக்கத்தில் தினமும் தேதி போட்டு, யார் என்ன கொடுத்தார் என்று ஒரே இடத்தில் எழுது. ரொம்பச் சேர்ந்துபோனால் அந்தப் பக்கத்தை வகுப்பாசிரியரிடம் காட்டு. "நிறைய இருக்கு டீச்சர்" என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். பக்கத்தைப் பார்த்தால் நம்புவார்கள்.

கால அட்டவணையை முதல் நாளே பார்த்து எழுதிக்கொள். இல்லாவிட்டால் எல்லா நோட்டையும் தினமும் தூக்கிக்கொண்டு போவாய். புத்தகம் பருவத்துக்குத் தனித்தனியாகத்தான் வரும், அதனால் அந்தச் சுமை பரவாயில்லை.

திட்டுவார்களா? சில பேர் "இதுகூட அஞ்சாவதுல சொல்லித் தரலியா?" என்பார்கள். அது உன்னைத் திட்டுவது இல்லை, உன் பழைய டீச்சரைத் திட்டுவது. பேசாமல் கேட்டுக்கொண்டு, "தெரியல சார், சொல்லிக் கொடுங்க" என்று சொல். அடிக்க மட்டும் யாருக்கும் உரிமை கிடையாது. அப்படி நடந்தால் அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிடு.

மகள் ஆறாம் வகுப்பு போகிறாள். எப்போது வேண்டுமானாலும் வயதுக்கு வரலாம் போல இருக்கிறாள். பள்ளியில் வைத்து ஆகிவிட்டால் என்ன செய்வாள்? சடங்கு முடியும் வரை எத்தனை நாள் நிறுத்தி வைக்கலாம்?
(வாசகி, முசிறி)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். நிறுத்தி வைக்காதீர்கள். உடம்பு சோர்வாக இருந்தால் ஒரு நாள், இரண்டு நாள் சரி. பதினாறு நாள் குடிசையில் உட்கார வைத்து, அப்புறம் மண்டபம் கிடைக்கவில்லை, மாமன் திருப்பூரிலிருந்து வர வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போய், முதல் பருவத்தில் பாதியைத் தொலைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது கணக்கில் இரண்டு பாடம் போயிருக்கும். அதைவிடப் பெரிசு, 'அவளுக்கு என்ன ஆச்சு' என்று வகுப்பு முழுக்கப் பேசி முடித்திருக்கும். சடங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள்.

முதல் கேள்விக்கு: பள்ளி திறப்பதற்கு முன்பே அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அத்தை சொல்லட்டும், பாட்டி சொல்லட்டும் என்று விடாதீர்கள். ஒரு பழைய ஜியாமெட்ரி பாக்ஸ் அளவுப் பையில் இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, ஒரு பழைய செய்தித்தாள் துண்டு வைத்து, புத்தகப் பையின் உள் அறையில் போட்டுவிடுங்கள். வளரிளம் பெண்களுக்கு அரசு நாப்கின் தருகிற புதுயுகம் திட்டம் 2012-இலிருந்து இருக்கிறது. பள்ளியில் யாரிடம் இருக்கும் என்று சேர்க்கையின்போதே கேட்டு வையுங்கள். பள்ளியில் பெண் ஆசிரியர் ஒருவரை அவளுக்கே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு யாரைப் பிடிக்கிறதோ அவர்.

மகனுக்குச் சீருடை தொளதொளவென்று கொடுத்திருக்கிறார்கள். மாற்றித் தருவார்களா?
(வாசகி, குளித்தலை)

கேட்டுப் பாருங்கள், அளவு மாறி வந்திருந்தால் இன்னொரு பிள்ளையுடையதோடு மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் தெருவிலுள்ள தையற்காரரிடம் கொடுத்து உள்ளே மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். வெட்டச் சொல்லாதீர்கள். ஜனவரிக்குள் பையன் வளர்ந்துவிடுவான்.

அறிவியல் பட்டதாரி ஆசிரியராக ஒரு ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். முதல் வாரம் என்ன செய்ய வேண்டும் அம்மா?
(வாசகர், அரியலூர் மாவட்டம்)

வாழ்த்துகள் தம்பி. முதல் வாரம் புத்தகத்தைத் தொடாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்கிறேன். ஒவ்வொருவரையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள், ஒரு கழித்தல் கணக்கு போடச் சொல்லுங்கள். கொரோனாவுக்குப் பிறகு சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைப் பயிற்சி நடத்தினோம், ஆறிலிருந்து ஒன்பது வரைக்கு 2025-இல் அதே மாதிரி 'திறன்' வந்தது. கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பிள்ளை ஆறாவதிலும் இருக்கும் என்பதால்தானே இதெல்லாம்.

நான் வற்புறுத்துவது வேறு வேலை. வகுப்பில் இருக்கிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பத்துப் பேர் சொல்லித் தருவார்கள். வராத பிள்ளையை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் பள்ளிக்குப் பிள்ளை அனுப்புகிற தொடக்கப் பள்ளிகள் சுற்றுவட்டாரத்தில் எவை என்று பாருங்கள். அந்தத் தலைமை ஆசிரியர்களிடம் இந்த ஆண்டு ஐந்தாவது முடித்தவர்கள் பட்டியலை வாங்கி, உங்கள் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு பிள்ளை டி.சி. வாங்கியிருக்கும், எங்கேயும் சேர்ந்திருக்காது. அந்தப் பள்ளிக் கணக்கில் அது போய்விட்டது, உங்கள் கணக்கில் இன்னும் வரவில்லை. இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் ஒரு பிள்ளை காணாமல் போவது இப்படித்தான்.

அப்படி ஒரு பெயரைத் தேடிப் போனபோது, ஊருக்கு வெளியே ஆட்டுப் பட்டியில் ஒரு பையனைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் சினை ஆட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டான். அம்மாவிடம் கேட்டால், "சாதிச் சான்றிதழ் இல்லாம சேக்க மாட்டாங்களாம் டீச்சர், தாலுகா ஆபீசுக்கு அலைய முடியல" என்றார். யார் சொன்னார்கள் என்று கேட்டால், 'பேசிக்கிட்டாங்க'. சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கட்டாயமே இல்லை, பிறகு கொடுக்கலாம். ஒரு புரளி அந்தப் பையனை ஜூன் முழுக்க ஆடு மேய்க்க வைத்திருந்தது. அவன் மறுநாள் வந்தான், உயரத்துக்குக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்று வருஷத்தில் எட்டாவது முடித்துப் போனான்.

தனியாகப் போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், அதிலும் பெண்கள் நிறைய. அந்தத் தெருவில் செல்வாக்குள்ள ஒரு அம்மாவைக் கூட்டிப் போங்கள். நீங்கள் அரை மணி நேரம் பேசியும் நடக்காததை அவர் வாசலில் நின்றே முடித்துவிடுவார். செங்கல் சூளை, பருத்தி மில் என்று குடும்பத்தோடு வெளியூர் போன பிள்ளை என்றால், எந்த ஊர் என்று கேட்டு வட்டார வள மையத்தில் சொல்லுங்கள். அங்கே பக்கத்துப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்ய முடியும். இடையில் நின்ற பிள்ளையையும் வயதுக்குத் தகுந்த வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். சிறியவர்களோடு உட்கார வைத்தால் ஒரு வாரத்தில் மறுபடி ஓடிவிடும்.

ஜூலை பிறப்பதற்குள் இதை முடித்துவிடுங்கள். ஜூலைக்குப் பிறகு அந்தப் பிள்ளை வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க ஆரம்பித்திருக்கும்.

முதல் நாள் நானும் கூட வருகிறேன் என்றால் மகன் முறைக்கிறான். போகட்டுமா, வேண்டாமா?
(வாசகர், திருவெறும்பூர்)

போங்கள், ஆனால் அவன் கூட வேண்டாம். பேன்ட் போட்டுக்கொண்டு போகிற முதல் வருஷம், நண்பர்கள் முன்னால் அப்பா கையைப் பிடித்து வர அவனுக்கு வெட்கம். அவன் பிரேயர் முடிந்து வகுப்புக்குள் போன பிறகு அலுவலகத்துக்குப் போய் ஆதார் நகலையும் உங்கள் சரியான போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். போன வருஷம் மாற்றிய சிம்மின் நம்பரைக் கொடுங்கள், பழைய ரேஷன் கார்டில் இருக்கிற நம்பரை அல்ல.