இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு கணக்கு: எதை நம்புவது?

கேள்வி: அக்கா, மாமா பத்திரமாக வைத்திருந்த பழைய டைவ் கம்ப்யூட்டரை (கடலுக்குள் ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், மணிக்கட்டில் கட்டும் கருவி) எனக்குக் கொடுத்துவிட்டார். அதையும் என் புதியதையும் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன். புதியது 30.8 மீட்டர் என்றது, பழையது 30.0 என்றது. நோ-டெக்கோ நேரத்தையும் (ஏறும் வழியில் நிறுத்தி நிறுத்தி வராமல், நேராக மேலே வர முடிகிற வரை அடியில் இருக்கக்கூடிய நேரம்) பழையது நான்கு நிமிடம் குறைத்துக் காட்டியது. பழையதை ஒதுக்கிவிடலாமா?

பதில்: ஒதுக்காதீர்கள், தம்பி. முதலில் புதியதன் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். தண்ணீர் வகை ‘நன்னீர்’ என்று இருக்கும் என்பது என் ஊகம். எந்த டைவ் கம்ப்யூட்டரும் ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. அழுத்தத்தை அளந்து, அதை மீட்டராக மாற்றிச் சொல்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 3 சதவீதம் கனமானது. நன்னீர் என்று நினைத்துக்கொண்டு கடலில் அளந்தால், 30 மீட்டர் 31-ஐ நெருங்கிவிடும். ஆகவே ஆழத்தைச் சரியாகச் சொன்னது மாமாவுடையதாகவே இருக்கலாம். மூச்சுக்காற்றிலிருந்து உடம்பில் ஏறும் நைட்ரஜனுக்குக் கருவி உள்ளே போடும் கணக்கை இது பாதிக்காது. அந்தக் கணக்குக்கு அழுத்தம் போதும், மீட்டர் நாம் படிப்பதற்காகத்தான்.

நிமிட வித்தியாசம் வேறு விஷயம். உடம்பை எத்தனை திசுப்பிரிவுகளாக எண்ணுவது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நைட்ரஜனை அனுமதிப்பது என்பதில் ஒவ்வொரு கணக்கு முறைக்கும் ஒரு கொள்கை உண்டு. 1908-இல் உடலியல் அறிஞர் ஹால்டேன் ஐந்து பிரிவுகளை வைத்தார். சுவிஸ் மருத்துவர் பூல்மனின் பின்னாளைய முறையில் பதினாறு. சூண்டோ நிறுவனத்தின் வைப்பர் என்ற டைவ் கம்ப்யூட்டர் ஒன்பது பிரிவுகளோடு, நுண்குமிழிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. காகித அட்டவணைகளே ஒத்துப்போகாது: 30 மீட்டருக்கு பாடி (PADI) என்ற டைவ் பயிற்சி அமைப்பின் அட்டவணை 20 நிமிடம் தருகிறது, அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணை 100 அடிக்கு 25 நிமிடம் தந்தது. அதனால் நான்கு நிமிடம் குறைவதைப் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று: அன்றைய முதல் டைவிலும் இரண்டும் உங்களோடு இருந்தனவா? ஒன்று படகிலேயே இருந்திருந்தால், முதல் டைவில் ஏறிய நைட்ரஜன் அதற்குத் தெரியாது, இந்த ஒப்பீட்டுக்கே பொருளில்லை.

சென்சாரைச் சோதிக்க விரும்பினால் மணிக்கட்டை நம்பாதீர்கள். ஒரு கை தொங்க, இன்னொரு கை நெஞ்சருகே இருந்தாலே அரை மீட்டர் மாறிவிடும். நான் செய்வது இதுதான்: கயிற்றில் 5, 10, 15 மீட்டருக்கு முடிச்சுப் போட்டு, அடியில் எடைக்கல் கட்டுவேன். இரண்டையும் ஒரே வலைப்பையில் அருகருகே வைத்து, முடிச்சுக்கு முடிச்சு நிறுத்திப் படித்துச் சிலேட்டில் எழுதுவேன். இடைவெளி ஆழத்துக்கு ஏற்ப ஒரே விகிதத்தில் கூடினால் அது தண்ணீர் வகை செட்டிங். மேற்பரப்பிலிருந்தே ஒரே அளவு விலகி நின்றாலோ, ஒன்றின் எண் தாமதமாக மாறினாலோ, சென்சாரைச் சந்தேகிக்க வேண்டும்.

பழைய கருவியில் எனக்கு உண்மையான கவலை ஏறும் வேகம்தான். அமெரிக்கக் கடற்படை நிமிடத்துக்கு 60 அடியாக இருந்த வேகத்தை 30 அடியாகக் குறைத்தது 1993-இல். அதற்கு முந்தைய கருவியென்றால், நிமிடத்துக்கு 18 மீட்டர் வரை அது எச்சரிக்காமல் இருக்கக்கூடும். கையேட்டில் பார்த்துவிடுங்கள். கருவி சும்மா இருந்தாலும் ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாதீர்கள். நீருக்குள் இரண்டும் முரண்பட்டால் குறைந்த நேரம் சொல்வதைக் கேளுங்கள். சராசரி எடுக்கவே கூடாது.

கேள்வி: என் பழைய வைப்பரில் ‘ஏசி’ என்ற எழுத்து கரைக்கு வந்த பிறகும் போகவில்லை. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. நானே மாற்றலாமா?

பதில்: தண்ணீர்த் தொடுமுனைகள் ஈரத்தை உணர்ந்தால் அந்த எழுத்து வரும். உப்பு படிந்திருந்தால், துடைத்த பிறகும் தான் தண்ணீரில் இருப்பதாகவே கருவி நினைத்துக்கொள்ளும். பேட்டரி தீர்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, மென்மையான பிரஷ்ஷால் தொடுமுனைகளைத் தேய்த்து, நன்றாக உலர்த்துங்கள். சென்சார் துளையில் மட்டும் ஊசியையோ, டேங்கிலிருந்து வரும் காற்றையோ விடவே விடாதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு ஒருமுறை நசுங்கினால் முடிந்தது.

வைப்பரின் பேட்டரியை நாமே மாற்றலாம். சிஆர்2450 காசு பேட்டரி. விளிம்பில் மட்டும் பிடியுங்கள். ஓ-ரிங்கை (மூடிக்குள் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) வளைத்துப் பார்த்து, விரிசலோ தட்டையான இடமோ இருந்தால் புதிதாகப் போடுங்கள். சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு வரும் அளவுக்குப் போதும், அப்பக்கூடாது. என் கருவி ஒன்று ஒரே ஒரு தலைமுடியால் போயிற்று. ஓ-ரிங்குக்குக் குறுக்கே கிடந்ததை நான் கவனிக்கவில்லை. 12 மீட்டரில் கண்ணாடிக்குள் பனி படர்ந்தது, எண்கள் ஒவ்வொரு கோடாக மறைந்தன. மறுநாள் மூடியைத் திறந்தபோது பேட்டரி ஸ்பிரிங் பச்சை பூத்திருந்தது, அதன் அருகே அந்த முடி. அன்றிலிருந்து வெள்ளைத் துணி விரித்து, மேலே விளக்கு வைத்து, பூதக்கண்ணாடி வழியாக வளையத்தை முழுச்சுற்று பார்த்த பிறகே மூடுகிறேன். மூடியதும் ஒரு கிண்ணத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். முதல் டைவை ஆழம் குறைந்த இடத்தில் வைத்துக்கொள்வேன்.

கேள்வி: காலை டைவ் முடிந்து கம்ப்யூட்டர் செத்துவிட்டது. மதிய டைவுக்கு நண்பருடையதைக் கட்டலாமா?

பதில்: கூடாது. காலையில் உங்கள் உடம்பில் ஏறிய நைட்ரஜன் அதற்குத் தெரியாது. பேட்டரியைக் கழற்றி மாற்றினாலும் பல மாடல்கள் அந்தக் கணக்கை மறந்துவிடும். 24 மணி நேரம் கழித்து இறங்குங்கள்.